சிறு தொட்டியில் ஸ்ட்ராபெரி: உடல் தேறுவோருக்கான தோட்டப் பாடம்



சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரில் பலர், சில வாரங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரும்போது ஒரே வினாவைக் கேட்கின்றனர்: "நாள் முழுவதும் படுத்தும் உட்கார்ந்தும் சலித்துவிட்டது ஐயா. செடி ஏதாவது வளர்க்கலாமா?" உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ, "வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்னும் குறிப்போடு மருத்துவரை நோக்குவர்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நோயிலிருந்து மீள்பவருக்கு மருந்தும் உணவும் போதா. தம்மால் ஒரு பயன் விளைகிறது என்னும் எண்ணமும் தேவை. அதே வேளையில், மண் தூய்மையான பொருள் அன்று. அதில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நலமுடையோரைப் பெரும்பாலும் தாக்குவதில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தோரைத் தாக்கக்கூடும். ஆகவே "செய்யலாமா, கூடாதா" என்று கேட்பதைவிட, "எந்த வேலையை யார் செய்வது" என்று கேட்பதே பயன் தரும். இப்பாடம் அவ்வினாவிற்கு ஸ்ட்ராபெரிச் செடியைக் கொண்டு விடை கூறுகிறது.

ஏன் ஸ்ட்ராபெரி?

ஸ்ட்ராபெரி ஒரு சாண் உயரமே வளரும் செடி. அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆதலால் ஆழமான குழியோ பெரிய தொட்டியோ வேண்டியதில்லை. மேசை உயரத்தில் வைத்து, நாற்காலியில் அமர்ந்தவாறே பார்த்துக்கொள்ளலாம். குனிவதும் குந்துவதும் வேண்டா.

இரண்டாவது காரணம், இச்செடி வலிமையைக் கேட்பதில்லை, கவனத்தைக் கேட்கிறது. மொட்டு, மலர், பச்சைக் காய், வெண்காய், சிவந்த கனி என்று சில நாள்களுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரியும். காலையில் எழுந்து பார்ப்பதற்கு ஒன்று இருப்பது, நெடுநாள் நோயுற்றவருக்குச் சிறிய காரியம் அன்று.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. இது குளிர்நிலப் பயிர். நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் இயல்பாக வளரும். சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் குளிர்ந்த மாதங்களில் மட்டுமே பலன் தரும். அதுவும் ஒரு செடிக்குக் கைப்பிடி அளவே. கூடை கூடையாகப் பறிக்கலாம் என்று எண்ணித் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ஐந்தாறு செடிகளை வைத்து, வாரத்தில் சில கனிகள் கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல்.

தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கீழ்க்காண்பவை பொதுவான அறிவுரைகள். உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரின் சொல்லே முடிவானது.

*புற்றுநோய்க்கான மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று அல்லது எலும்பு மஞ்சை மாற்றுச் சிகிச்சை பெற்றோர், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்துகளை உண்போர்:* மண்ணைக் கிளறுதல், உரம் கலத்தல், தொட்டி மாற்றுதல், உதிர்ந்த இலைகளை அள்ளுதல் ஆகியவற்றை நீங்கள் செய்யலாகாது. மண்ணிலும் மக்கும் இலைகளிலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் தூசியோடு நுரையீரலுக்குள் சென்று கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் தொட்டியின் அருகே செல்வதையும் தவிர்த்து, சன்னலுக்கு அப்பாலிருந்து பாருங்கள். எப்போது செடியைத் தொடலாம் என்பதை மருத்துவர் கூறுவார்.

*நீரிழிவு உடையோர்:* வெறுங்காலுடன் தோட்டத்தில் நடக்கலாகாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. ஈர மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்னும் கடும் நோயை விளைவிக்கிறது; தென்னிந்தியாவிலும் காணப்படும் இந்நோய்க்கு ஆளாவோரில் நீரிழிவு உடையோரே மிகுதி. மூடிய காலணியும் கையுறையும் அணியுங்கள். வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைப் பாருங்கள்.

*டயாலிசிஸ் செய்துகொள்வோர்:* ஃபிஸ்டுலா அமைந்த கையால் தொட்டியையோ வாளியையோ தூக்காதீர்கள். அக்கையில் கீறலும் காயமும் படாதவாறு காத்துக்கொள்ளுங்கள்.

*நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டோர்:* ஈர மண் நிறைந்த 25 சென்டிமீட்டர் தொட்டி ஏறக்குறைய 7 முதல் 10 கிலோ வரை எடையிருக்கும். மருத்துவர் குறித்த காலம் வரை அதனைத் தூக்கவோ இழுக்கவோ கூடாது.

*மருந்து செலுத்துவதற்கான குழாய் பொருத்தப்பட்டோர், ஆறாத புண் உடையோர்:* குழாயின் கட்டு நனையவோ மண் படவோ கூடாது. புண் ஆறும் வரை மண் வேலை வேண்டா.

*பக்கவாதத்திலிருந்து தேறுவோர்:* விரல்களுக்குப் பயிற்சி தரும் சிறு வேலைகள் இதில் பல உண்டு. எதனை எக்கையால் செய்வது என்று உங்கள் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவை தவிர, அனைவரும் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டோம் என்பதையும் கேட்டறிதல் நலம்.

செடியை அறிவோம்

நாம் கனி என்று உண்ணும் சிவந்த சதைப்பகுதி, தாவரவியல் முறைப்படி உண்மையான கனி அன்று; பருத்துச் சதைப்பற்றுடன் வளர்ந்த பூத்தளம். அதன் மேல் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பவையே உண்மையான கனிகள். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு விதை உண்டு. ஒரு பழத்தின் மேல் ஏறக்குறைய 200 இருக்கலாம். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள சதையை வளரத் தூண்டுகிறது. மகரந்தம் சேராத இடத்தில் சதை பருப்பதில்லை, பழம் கோணலாகிறது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1714ஆம் ஆண்டில் ஃபிரெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். நெடும்பயணத்தில் பிழைத்தவை ஐந்தே செடிகள். அவை பிரான்சில் தழைத்துப் பூத்தன, ஆயினும் காய்க்கவில்லை. காரணம், அவை பெண் மலர்களை மட்டுமே தாங்கியவை. பின்னர் வட அமெரிக்க இனமான வர்ஜீனியா ஸ்ட்ராபெரி அவற்றின் அருகே வளர்க்கப்பட்டபோதுதான் மகரந்தம் கிடைத்துக் காய்த்தன. அவ்விரண்டும் கலந்து பிறந்த இனமே இன்று உலகெங்கும் பயிராகும் தோட்ட ஸ்ட்ராபெரி. இது கலப்பினமே என்பதை 1766இல் துஷேன் என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர் விளக்கினார். இன்று நாம் வாங்கும் செடிகளின் மலரில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளன. எனினும் மகரந்தத்தைப் பரப்பத் தேனீயோ காற்றோ நம் கையோ துணைபுரிதல் வேண்டும்.

செடியின் மூன்று உறுப்புகளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். இலைக்காம்புகள் எல்லாம் வந்து கூடும் தடித்த பகுதி நடுக்குருத்து. செடியின் உயிர்நிலை இதுவே. அதன் கீழே வேர்த்தொகுதி. பக்கவாட்டில் கயிறுபோல் நீண்டு, நுனியில் குட்டிச் செடியைத் தாங்கி வருவது ஓடுதண்டு.

காலமும் இடமும்

பகற்பொழுது குறுகி, வெப்பமும் தணியும்போதே இச்செடியில் மலர்மொட்டுகள் உருவாகின்றன. 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு உகந்தது. வெயில் 30 டிகிரியைத் தாண்டி நீடிக்கும்போது பூப்பது குறையும்.

சமவெளியில் ஐப்பசி இறுதி அல்லது கார்த்திகையில் நட்டால், தை, மாசி மாதங்களில் பழம் காணலாம். பங்குனி வெயிலில் செடி தளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழைக் காலமும் ஆதலால், தொட்டியைத் திறந்த மாடியில் விட்டுவிடாமல், மழைச்சாரல் படாத தாழ்வாரத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். காலை வெயில் நன்றாகவும், நண்பகலுக்குப் பின் நிழலும் கிடைக்கும் கிழக்குப் பக்கமே சிறந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெளிச்சம் வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது செடியை மட்டும் எண்ணலாகாது. நோயாளர் அமரும் நாற்காலிக்கு இடம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி அல்லது சுவர், வழுக்காத தரை, கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் ஒருவர் ஆகிய நான்கும் அமைய வேண்டும். மாடிப்படி ஏற இயலாதவருக்கு மாடித்தோட்டம் பயன்படாது.

தொட்டியும் மண்கலவையும்: பராமரிப்போரின் பங்கு

25 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட தொட்டியில் ஒரு செடி வைக்கலாம். அடியில் நீர் வடியும் துளைகள் கட்டாயம் வேண்டும். முதலில் காலித் தொட்டியை மேசையின் மேல் அதன் நிலையான இடத்தில் வையுங்கள். பின்னர் மண்ணை நிரப்புங்கள். நிரப்பிய தொட்டியைத் தூக்கி வைப்பதால்தான் முதுகுவலி வருகிறது, பராமரிப்போருக்கும்.

செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு எனக் கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கக்கூடும். அதனை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். ஸ்ட்ராபெரி உப்பைத் தாங்காத பயிர். இலேசான அமிலத்தன்மை உடைய மண்ணை அது விரும்பும்.

உரப்பையைப் பிரிக்கும்போது எழும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் நுண்ணுயிரிகள் இருக்கக்கூடும். ஆதலால் பையை முகத்தருகே வைத்துத் திறக்காதீர்கள். முகக்கவசம் அணிந்து, உள்ளே சிறிது நீர் தெளித்துத் தூசியை அடக்கிய பின் எடுங்கள். இவ்வேலையை நோயாளரின் அறைக்குத் தொலைவில், காற்றோட்டமான இடத்தில் முடித்துவிட்டு, சோப்பிட்டுக் கைகழுவி, உடை மாற்றிக்கொண்டு அவரிடம் செல்லுங்கள்.

பசுஞ்சாணம், பஞ்சகவ்யம் போன்றவற்றை மாடித்தோட்டத்தில் பலர் பயன்படுத்துகின்றனர். ஸ்ட்ராபெரி தோலுரிக்காமல், வேகவைக்காமல் உண்ணப்படும் பழம். நோயாளர் உண்ணப்போகும் செடியில் இவற்றைத் தெளிக்கலாகாது. நன்கு மக்கிய மண்புழு உரமே போதும்.

நடவு

நாற்றுப் பண்ணைகளில் குளிர்மாதங்களில் விண்டர் டான், கமரோசா, ஸ்வீட் சார்லி முதலிய இரகங்கள் கிடைக்கும். விதையிலிருந்து வளர்க்க நெடுங்காலம் ஆகும். ஆகவே வேர்பிடித்த கன்றுகளையே வாங்குங்கள். நடுக்குருத்து உறுதியாகவும் பசுமையாகவும் இருக்க வேண்டும்.

நடவில் நினைவிற்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: நடுக்குருத்து மண்மட்டத்தில் இருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். மேலே எழும்பி நின்றால் வேர் காயும். வேர்கள் முழுதும் மண்ணுள்ளும், குருத்து முழுதும் காற்றிலுமாக அமைத்து, சுற்றிலும் மெல்ல அழுத்தி நீர் ஊற்றுங்கள். மறுநாள் மண் படிந்திருக்கும். மீண்டும் ஒருமுறை மட்டம் பாருங்கள். வீட்டுத்தோட்டத்தில் மடியும் கன்றுகளில் பல இவ்விதி தவறியதாலேயே மடிகின்றன.

நட்டபின் மண்ணின் மேல் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி மூடாக்கு இடுங்கள். ஈரம் காக்கும், பழம் மண்ணில் படாமலும் தடுக்கும். பழத்தில் மண் படாமை நோயாளரின் பாதுகாப்பிற்கும் வேண்டியதே. பூசணம் பிடித்த வைக்கோல் ஆகாது. பழைய வைக்கோலை உதறினால் வித்துகள் பறக்கும். மேலே கூறிய எதிர்ப்பாற்றல் குறைந்தோர் வீட்டில் இருந்தால், வைக்கோலுக்கு மாற்றாகத் தூய பாலித்தீன் தாளில் துளையிட்டு விரிக்கலாம்.

நீர் விடுதல்: நோயாளர் கற்க வேண்டிய முதல் பாடம்

ஸ்ட்ராபெரிக்கு ஈரம் வேண்டும், சேறு ஆகாது. இதனை அறிய மண்ணில் விரல் வைக்க வேண்டியதில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை மண்ணில் விரல் நீளம் செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் நீர் வேண்டா. காய்ந்து வந்தால் நீர் விடுங்கள். ஈர்க்கைச் செருகுவதைப் பராமரிப்பவர் செய்யலாம்; பார்த்து முடிவு கூறுவதை நோயாளர் செய்யட்டும்.

காலை வேளையில், சிறு பூவாளியால் வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றுங்கள். இலையும் பூவும் குருத்தும் நனைந்தால் பூசணம் வரும். பூவாளியில் அரை லிட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள். இருமுறை ஊற்றுவது, பாரம் தூக்குவதைவிட மேல்.

கடலோர ஊர்களிலும், ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களிலும் இலையோரம் பழுப்பேறிக் கருகுவதைக் காணலாம். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர் பலர். அது பெரும்பாலும் உப்பின் விளைவு. பிடித்து வைத்த மழைநீரோ குடிநீரோ கொடுங்கள்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேங்குநீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாள்களுக்குள் வளர்ந்து பறந்துவிடும். வாரம் இருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது பராமரிப்போரின் கடமை.

முதல் மலர்களைக் கிள்ளுதல்

நட்ட இரண்டு மூன்று வாரங்களில் சில செடிகள் பூக்கத் தொடங்கும். மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், ஆயினும் அம்மலர்களைக் கிள்ளிவிட வேண்டும். வேர் நன்கு பரவாத செடி பழத்தைச் சுமந்தால், இருக்கும் வலிமை அனைத்தும் அதிலே செலவாகி, செடி மெலிந்துபோகும். ஏறக்குறைய மூன்று வாரம் பூவை நீக்கி வேருக்கு வாய்ப்பளித்தால், பின்னர் வரும் பூக்கள் நல்ல பழம் தரும். பழக்காலத்தில் ஓடுதண்டுகளையும் அவ்வாறே வெட்டிவிடுங்கள்.

அறுவைக்குப் பின் "இப்போது நடக்க முடிகிறதே, ஏன் வேலைக்குப் போகக் கூடாது?" என்று கேட்போருக்கு நாம் கூறும் விடையும் இதுவே. மேலே நலம் தெரிவதும், உள்ளே நலம் முழுமையடைவதும் வெவ்வேறு நாள்களில் நிகழ்கின்றன.

மகரந்தம் சேர்த்தல்

தேனீக்கள் வாராத உயர்மாடிக் குடியிருப்பிலும் தாழ்வாரத்திலும் இதனை நாமே செய்ய வேண்டும். ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையால், மலர்ந்த பூவின் நடுவிலுள்ள மஞ்சள் பகுதியை முதலில் வெளிவட்டத்திலும் பின் உள்மேட்டிலும் மெல்லச் சுழற்றித் தடவுங்கள். முற்பகலில், பூ காய்ந்திருக்கும்போது, இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து செய்யுங்கள். பக்கவாதத்திலிருந்து தேறுவோருக்கு இது நல்ல கைப்பயிற்சி. கை நடுங்கினாலும் கவலையில்லை. நடுக்கத்தாலும் மகரந்தம் உதிரும்.

மலர்ந்த நாளை ஓர் ஏட்டில் குறித்துவையுங்கள். ஏறக்குறைய நான்கு வாரத்தில் பழம் சிவக்கும். வெயில் மிகுந்தால் அதற்கு முன்னரே சிவக்கலாம்.

பூச்சியும் நோயும்

இலையின் அடிப்புறத்தில் மெல்லிய வலையும் மேற்புறத்தில் வெளிறிய புள்ளிகளும் தோன்றினால் சிவப்புச் சிலந்திப் பேன். குருத்தில் கூட்டமாக ஒட்டியிருப்பவை அசுவினி. இரண்டையும் ஆரம்பத்திலேயே கண்டால், ஈரத்துணியால் இலையடியைத் துடைத்தே அகற்றிவிடலாம். மிகுந்தால், ஒரு லிட்டர் நீரில் 3 முதல் 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து, மாலையில் பராமரிப்பவர் தெளிக்கலாம். பழுத்த பழத்தின் மேல் தெளிக்கலாகாது. கடைகளில் விற்கும் இரசாயனப் பூச்சிக்கொல்லிகள் நோயாளர் உள்ள வீட்டில் வேண்டா.

பழத்தின் மேல் சாம்பல் நிறப் பஞ்சுபோல் படர்வது சாம்பல் பூசணம். அப்பழத்தைத் தொட்டு ஆராயாமல், பராமரிப்பவர் ஓர் உறையால் மூடிப் பறித்து அகற்ற வேண்டும். செடிகளுக்கிடையே காற்றோட்டம் இருந்தால் இது குறையும். அணிலும் பறவையும் வாராதிருக்க மெல்லிய வலை போதும்.

பறித்தலும் உண்ணுதலும்

ஸ்ட்ராபெரி, பறித்தபின் மேலும் பழுப்பதில்லை. காம்படி வரை சிவந்த பின்னரே, காம்புடன் சேர்த்துச் சிறு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கழுவாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உண்ணுமுன் ஓடும் நீரில் கழுவுங்கள். பச்சை இதழ்களைக் கழுவிய பின்னரே நீக்க வேண்டும். சோப்பு வேண்டா. ஒரு பழத்தில் பூசணம் கண்டால் அப்பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு உண்ணாதீர்கள், முழுப்பழத்தையும் எறிந்துவிடுங்கள்.

100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 32 கலோரி, 8 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் நார்ச்சத்து, 59 மில்லி கிராம் வைட்டமின் சி, 153 மில்லி கிராம் பொட்டாசியம் உள்ளன. நடுத்தர அளவில் ஆறு பழங்கள் ஏறக்குறைய 70 கிராம் இருக்கும். வாழைப்பழத்தோடு ஒப்பிட, எடைக்கு எடை பொட்டாசியம் பாதிக்கும் குறைவு. எனினும் சிறுநீரக நோயாளர் தம் உணவியல் வல்லுநர் குறித்த அளவைத் தாண்டலாகாது. இப்பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதையும் அன்றைய நீர்க்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உடையோர் சர்க்கரையோ தேனோ சேர்க்காமல், குறித்த அளவில் உண்ணலாம்.

எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்துள்ள நாள்களில், மேடுபள்ளமான தோலுடைய இப்பழத்தை முழுமையாகத் தூய்மைசெய்தல் அரிது. பச்சையாக உண்ணலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடாது என்றால், நன்கு கொதிக்கவைத்துக் கூழாக்கி உண்ணலாமா என்றும் கேளுங்கள். வைட்டமின் சி சிறிது குறையும், சுவை இருக்கும். வாயில் அரிப்போ, உடலில் தடிப்போ, மூச்சுத்திணறலோ தோன்றினால் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

செடி பட்டுப்போனால்

நம் குடும்பங்களில் சொல்லப்படாத ஓர் அச்சம் உண்டு. நோயாளர் வளர்த்த செடி வாடிவிட்டால், அதனை அவர் தம் உடல்நிலையோடு சேர்த்து எண்ணிக்கொள்கிறார். வீட்டிலுள்ளோரும் நிமித்தமாகக் கொண்டு, அவருக்குத் தெரியாமல் தொட்டியை மறைக்கின்றனர். அவ்வாறு செய்யாதீர்கள். சமவெளியில் ஸ்ட்ராபெரி ஒரு பருவப் பயிர்; பங்குனி, சித்திரை வெயிலில் பெரும்பாலான செடிகள் பட்டுப்போகும். மலைத்தோட்டங்களில் தேர்ந்த உழவரும் ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கன்று நடுவது உண்டு. செடி வாடியது வெயிலால், மிகுநீரால், உப்பால், அல்லது குருத்து புதைந்ததால். அதற்கும் நோயாளரின் உடலுக்கும் தொடர்பில்லை. இதனை நடவு நாளிலேயே அவரிடம் கூறிவிடுங்கள். ஒன்றுக்கு மூன்று செடியாக வைப்பதும் இதற்காகவே.

விரும்பினால், மாசியில் ஒரு நல்ல செடியின் ஓடுதண்டை விட்டுவைத்து, நுனிக்கன்றை அருகிலுள்ள சிறு தொட்டி மண்ணில் பதியவைத்து, வேர்பிடித்தபின் வெட்டிப் பிரித்து நிழலில் காத்துப் பார்க்கலாம். கோடையைத் தாண்டினால் அடுத்த கார்த்திகைக்கு உதவும்.

நினைவிற்கொள்க

1. மண், உரம், தொட்டி, தெளிப்பு, தட்டுக் கழுவுதல்: பராமரிப்பவர் வேலை.
2. ஈரம் பார்த்துக் கூறுதல், நீர் விடுதல், மலர் கிள்ளுதல், தூரிகையால் தடவுதல், நாள் குறித்தல்: மருத்துவர் இசைந்தால் நோயாளர் வேலை.
3. நடுக்குருத்து மண்மட்டத்தில்; நீர் வேரில்; முதல் மலர் கிள்ளப்பட வேண்டும்.
4. கையுறை, மூடிய காலணி, வேலைக்குப் பின் சோப்பிட்டுக் கைகழுவுதல் ஒருநாளும் தவறலாகாது.
5. காய்ச்சல், புதிய இருமல், ஆறாத கீறல், மரக்கால் போன்ற மரத்துப்போன பாதத்தில் காயம் ஆகியவை கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். மண் வேலை செய்ததையும் மருத்துவரிடம் கூறுங்கள்.
6. உறவினரைக் காண வருவோர் மண்தொட்டிகளை வார்டுக்குள் கொண்டுவரலாகாது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் உள்ளோருக்கு அது தீங்காகக்கூடும். செடியின் படத்தைக் கைபேசியில் காட்டுங்கள்.

தை மாதத்தில் உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழம் சிவந்தால், அதனைக் கழுவி முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதை நோயாளரே முடிவு செய்யட்டும். நெடுநாளாகப் பிறர் கொடுப்பதை வாங்கி உண்டவர் அவர்; தம் கையால் ஒன்றைக் கொடுக்கும் நாள் வரட்டும்.

நலம் பெருகுக.